யாரும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது

ஜன்னலோரம் நீங்களே இருங்க சார். எனக்குக் காத்து ஒத்துக்காது. இந்தப் பையை மேல வெக்காம மடியிலயே வெச்சுக்கறேன். உள்ள சால்வை இருக்கு, கசங்கிடும். கசங்கின சால்வையைத் தலைவருக்குப் போத்த முடியுமா?

நல்ல கூட்டம் இன்னிக்கு. ஏறுனவங்க பாதிப் பேரு நின்னுக்கிட்டே வர்றாங்க. ஆனா அங்க பாருங்க, மூணு வரிசைக்கு முன்னால, ஊதாச் சேலை கட்டின அம்மா. பக்கத்து சீட்ல ஒயர்கூடையைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எங்க ஊர் ஸ்டாண்டுல ஒருத்தர் கேட்டாரு, "ஆள் வருது"ன்னுட்டாங்க. கண்டக்டர் சத்தம் போட்டாரு. உடனே ரெண்டு டிக்கெட்டா வாங்கிட்டாங்க. பெரம்பலூர் தாண்டியாச்சு, எங்க ஆளு? ஒயர்கூடைக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு வர்றாங்க. சரி, நாம வாயைத் திறக்கக் கூடாது. நான் திறக்கவே கூடாது. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நீங்க எதுவரைக்கும்? தாம்பரமா? எங்க பொண்ணு தாம்பரத்துலதான் இருக்கு. சொந்த வீடு கட்டிப் போயி ரெண்டு வருசமாச்சு. நான் இன்னும் பாக்கல. கிரகப்பிரவேசத்தன்னைக்குப் பாத்து எங்க ஊர்ல கொடியேத்து விழா வந்துடுச்சு. அப்புறம் ஒரு பொதுக்கூட்டம். அப்புறம் தேர்தல். கட்சின்னா அப்படித்தான் சார்.

எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. சொன்னா நீங்க வேற கட்சியா இருந்து, இறங்கற வரைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வருவீங்க. எதுவா இருந்தா என்ன. மேல ஒரு தலைமை, நடுவுல ஒரு மாவட்டம், கீழ நாங்க.

மாவட்டம்னா என்னன்னு பாக்கறீங்களா? மாவட்டச் செயலாளர். நாங்க கட்சியில யாரையும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டோம். பொறுப்பைச் சொல்லித்தான். "மாவட்டம் எந்திரிச்சிட்டாரா?" "மாவட்டத்துக்கு வயிறு சரியில்லையாம்." நகரச் செயலாளர்னா நகரம். நான் மருதவனம் டவுன்ல பதினாலாவது வட்டச் செயலாளர். அதனால என் பேரு வட்டம். முப்பது வருசமா வட்டம். டீக்கடையில வட்டம், போலீஸ் ஸ்டேசன்ல வட்டம், மளிகைக் கடைக் கணக்குல கூட வட்டம்னுதான் எழுதியிருப்பான். பக்கிரிசாமின்னு யாராவது கூப்புட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்.

இப்ப நான் வட்டம் இல்ல சார். அதுக்குத்தான் மெட்ராஸ் போறேன்.

என்ன வேலை செஞ்சேன்னு கேட்டா, எல்லாம் செஞ்சேன். கொடி கட்டறது, சுவரு புடிச்சு வெக்கறது, வாக்காளர் சீட்டு குடுக்கறது, கூட்டத்துக்கு ஆள் ஏத்தறது. ஆனா நான் பெருசா நினைக்கறது வேற. எங்க வட்டத்துல கட்சிக்காரங்க யாரு செத்தாலும், கொடி போத்தறது நான்தான். பீரோவுல ஒரு கொடி எப்பவும் துவைச்சு, அயர்ன் பண்ணி வெச்சிருப்பேன். சாவு சேதி வந்தா சட்டையை மாட்டறதுக்கு முன்னாடி கொடியை எடுத்துடுவேன். நீங்க பாத்திருக்கணும் சார். வீட்ல சோத்துக்கு இல்லாம கிடந்த ஆளா இருக்கும். பையன்கூட திரும்பிப் பாத்திருக்க மாட்டான். அந்தக் கொடியைக் கழுத்துலருந்து கால் வரைக்கும் நீவி விட்டோம்னா, தெருவே எந்திரிச்சு நிக்கும். ஒரு மனுசன் எதுக்கோ பாடுபட்டிருக்கான்னு தெரியும்.

எனக்கும் அதான் ஆசை. வேற என்ன கேட்டேன்? போன வருசம் நெஞ்சுல குழாய் வெச்சாங்க. ஸ்டெண்ட்டுங்கறாங்களே, அது. மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்ததும் நான் கேட்டது, "கொடி பீரோவுலதானே இருக்கு?" எங்க வீட்டுக்காரம்மா அழுதுடுச்சு. சந்தோசத்துல அழுதுச்சுன்னு நினைக்கறேன்.

கவுன்சிலர் ஆகணும்னு ஆசை இல்லாம இல்ல. யாருக்குத்தான் இல்ல? ஒரு தடவை வார்டைப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ஒரு தடவை எனக்குன்னு முடிவாகி, லிஸ்ட்டு வர்ற அன்னைக்குக் காலையில மாவட்டத்தையே மாத்திட்டாங்க. புது மாவட்டம் புது லிஸ்ட்டு. இந்தத் தடவை எல்லாரும் சொன்னாங்க, வட்டத்துக்குத்தான் சீட்டுன்னு. சுவத்துல என் பேரை எழுத இடம் விட்டு, வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன்.

கூட்டணிக்குப் போயிடுச்சு.

அந்தக் கூட்டணிக் கட்சிக்கு எங்க வார்டுல கொடிக்கம்பம் கிடையாது சார். ஆளே கிடையாது. தலைமையில உக்காந்து பேசி, இந்த டவுன்ல ரெண்டு வார்டு குடுத்துடறோம்னுட்டாங்க. அதுல ஒண்ணு பதினாலு. வேட்பாளரு ஒரு ஓமியோபதி டாக்டர், அன்புநாதன்னு பேரு. நல்ல மனுசன். மத்தியானம் தூங்காம இருக்க முடியாது, அது ஒண்ணுதான் குறை.

மாவட்டமே என் வீட்டுக்கு நேர்ல வந்தாரு. போன்ல சொல்லியிருக்கலாம், நேர்ல வந்தாரு. மோர் குடுத்தோம். குடிச்சிட்டுச் சொன்னாரு: "வட்டம், தலைமை முடிவு. கட்டுப்படணும். நான் மனு தாக்கல் முடியற வரைக்கும் ஊர்ல இருக்க மாட்டேன். குலதெய்வம் கோயிலுக்குப் போறேன். போன் எடுக்க மாட்டேன். யாரு என்ன செஞ்சாலும் எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் ஜெயிச்சு வர்றவன் நம்ம பிள்ளைதானே?" சொல்லிட்டு என் தோளைப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினாரு.

கார்க் கதவு வரைக்கும் போயி வழியனுப்புனேன் சார். என் மேல எவ்வளவு நம்பிக்கை இருந்தா, தேர்தல் நேரத்துல ஊரை விட்டே போவாரு?

கார் தெருமுனை திரும்பல, வீட்டுக்காரம்மா சொல்லுது: "ஏங்க, அவரு உங்களை நிக்கச் சொல்லிட்டுப் போறாருங்க."

"எங்க நிக்கச் சொன்னாரு?"

"சுயேச்சையா நில்லுங்கன்னு சொல்றாரு. வாயால சொல்ல முடியாதுல்ல? ஜெயிச்சா சேத்துக்குவேங்கறாரு. உங்களுக்குப் புரியலையா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மாவட்டத்தோட வாயிலருந்து வந்தது "கட்டுப்படணும்". எங்க காதுல விழுந்தது "கட்டுப்படணும்". அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டா கட்சி எப்படி நடக்கும்? இவளும் மகளிர் அணியில துணை அமைப்பாளர் சார், சும்மா இல்ல. அப்படிப்பட்டவ பேசற பேச்சா அது? அன்னைக்கு ராத்திரி நான் சாப்புடல.

மாவட்டம் எங்க வீட்லருந்து நேரா அடுத்த தெருவுக்குப் போயிருக்காரு, தனக்கோடி வீட்டுக்கு. தனக்கோடி எனக்குத் துணையா இருந்தவன், வட்டத் துணைச் செயலாளர். நான் கொண்டாந்து சேத்தவன்தான். அவன்கிட்டயும் அதே வார்த்தை. அதே குலதெய்வம். அவன் வீட்லயும் மோர்தான் குடுத்திருக்காங்க. மறுநாள் காலையில தனக்கோடி மாலையைப் போட்டுக்கிட்டுப் போயி சுயேச்சையா மனு தாக்கல் பண்ணிட்டான்.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்காதது அதான் சார். ரெண்டு பேருக்கும் சொன்னது ஒரே வார்த்தை. ஒருத்தன் கட்டுப்படறான், ஒருத்தன் மீறறான். வளர்ப்புன்னுதான் சொல்லணும்.

அவனை நீக்கினாங்க. கட்சிப் பத்திரிகையில வந்துச்சு. நீங்க பாத்திருப்பீங்க அந்த வாசகத்தை. "கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கி வைக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது." எனக்கு மனப்பாடம். எல்லாக் கட்சிக்கும் அதே வாசகம்தான், பேரை மட்டும் மாத்திக்குவாங்க.

அதை யாரு மதிச்சாங்கன்னு கேளுங்க. ஒருத்தனும் மதிக்கல. நகரம் அவன் கார்லயே கல்யாணத்துக்குப் போறாரு. எங்க ஆளுங்க காலையில என்கூட டாக்டருக்கு ஓட்டு கேக்கறாங்க, சாயந்தரம் அவன் வீட்ல பிரியாணி. நான் ஒருத்தன்தான் தொடர்பு வெச்சுக்கல. எதிர்ல வந்தா தெருவை மாத்திக்குவேன். அவன் சிரிச்சா நான் சிரிக்க மாட்டேன். டாக்டருக்குச் சின்னம் இஸ்திரிப் பெட்டி. என் பேருக்குன்னு வெள்ளையடிச்சு வெச்சிருந்த சுவத்துல, என் கையால இஸ்திரிப் பெட்டி வரைஞ்சேன். டாக்டர் தூங்கற நேரத்துல அவருக்கும் சேத்து நானே கும்புட்டுக்கிட்டுப் போவேன். சனங்க கேக்கும், "வட்டம், நீங்களா நிக்கறீங்க?" இல்ல தாயி, டாக்டர் நிக்கறாரு, இப்பத் தூங்கறாரும்பேன்.

அந்த நேரம் பாத்துத் தனக்கோடியோட அம்மா செத்துப் போச்சு.

பழைய காலத்துக் கட்சிக்காரி சார் அந்தம்மா. ஜெயிலுக்கெல்லாம் போனது. எங்களுக்கெல்லாம் முன்னாடி கொடி புடிச்சது. அதுக்குக் கொடி போத்தாம வேற யாருக்குப் போத்தறது? நான் பீரோவைத் திறந்து கொடியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். அவன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டேன். அப்பத்தான் யோசனை வந்துச்சு. அந்தம்மா கட்சி. சரி. ஆனா அந்தம்மாவை வெச்சிருக்கறது தனக்கோடி வீட்டு நடுவுல. நான் உள்ள போனா, அவன் வந்து கையைப் புடிச்சு அழுவான். அது தொடர்பு ஆயிடாதா? எவ்விதத் தொடர்பும்னு போட்டிருக்கு. எவ்விதத்துல இதுவும் அடக்கம்தானே?

நின்னேன் சார். தெருமுனையில கொடியைக் கையில வெச்சுக்கிட்டு, பறை அடிக்கறதைக் கேட்டுக்கிட்டு நின்னேன். போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான். வெயில்னா வெயில். எங்க வீட்டுக்காரம்மா பின்னாடியே வந்து என்னை ஒரு பார்வை பாத்துச்சு. கையிலருந்து கொடியை வெடுக்குனு புடுங்கிக்கிட்டு, நேரா உள்ள போயிடுச்சு. போயிப் போத்திட்டு, அங்கயே உக்காந்து அழுதுட்டு, எடுத்ததுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

கட்சி விதிப்படி அது மேலயும் நடவடிக்கை எடுத்திருக்கலாம். நான் மேல சொல்லல. அதுக்கு ஒரு பொறுப்பு இருக்கு, நம்மளால ஏன் போகணும்? சில விசயத்துல நானும் மனுசன்தானே.

தேர்தல் முடிஞ்சுச்சு. தனக்கோடி ஜெயிச்சான். எங்க தெரு பூத்துல இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த ஓட்டை ஒரு கையில எண்ணிடலாம், அதுலயும் ரெண்டு மூணு விரல் மிச்சம் இருக்கும். எங்க வீட்லயே நாலு ஓட்டு சார். நான், வீட்டுக்காரம்மா, என் தம்பி, தம்பி பொண்டாட்டி. அப்படிப் பாத்தா நாலாவது இருக்கணும். மெசின்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கறேன். வீட்ல கேட்டா, "ஓட்டு ரகசியம்"னு சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. அதுவும் விதிதான், நான் மேல கேக்கல.

அப்புறம் நடந்ததுதான் வேகமா நடந்துச்சு. நகராட்சித் தலைவர் பதவிக்கு எங்க கட்சிக்கு ஒரு ஆள் குறையுது. மாவட்டம் குலதெய்வத்துக்கிட்ட இருந்து திரும்பி வந்து ரொம்ப நாளாச்சு, நேரா தனக்கோடி வீட்டுக்குப் போனாரு. சால்வை போத்தினாரு. "அறியாமல் செய்த தவறுக்கு வருந்தி மன்னிப்புக் கடிதம் அளித்ததால் மீண்டும் கட்சியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்." போட்டோ வந்துச்சு. மாவட்டம் சிரிக்கறாரு, தனக்கோடி சிரிக்கறான். நானும் பின்னாடி நிக்கறேன், என் பாதி மூஞ்சி தெரியும். கட்சி சேத்துக்கிட்டா நானும் சேத்துக்க வேண்டியதுதான். அன்னைக்கே அவன்கிட்ட போயிக் கையைக் குடுத்தேன். "அம்மா காரியத்துக்கு வர முடியல தம்பி, தப்பா நினைச்சுக்காத, அப்ப நீ கட்சியில இல்ல"ன்னேன். அவன் என் கையைப் புடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். மனசு இளகிடுச்சு போலன்னு நினைச்சேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெரிய தேர்தல் வருதுல்ல? தொகுதிப் பேச்சுல சண்டை வந்து, அந்த ஓமியோபதி டாக்டர் கட்சி கூட்டணியை விட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. நேத்து வரைக்கும் தோழமைக் கட்சி, இன்னைக்குத் துரோகிகள். சரி, அதுவும் தலைமை முடிவு. நானே போயி என் சுவத்துல இருந்த இஸ்திரிப் பெட்டியைச் சுண்ணாம்பு அடிச்சு அழிச்சேன்.

அழிச்ச ஈரம் காயல சார். பத்திரிகையில என் பேரு வருது.

"நகராட்சித் தேர்தலில் கட்சியைச் சேர்ந்த தனக்கோடியை எதிர்த்து, மாற்று அணி வேட்பாளருக்கு வேலை செய்து, கட்சிக்குக் களங்கம் ஏற்படுத்திய பக்கிரிசாமி..." அப்புறம் அதே வாசகம்தான். அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும். எவ்விதத் தொடர்பும்.

படிச்சுப் பாத்தா ஒவ்வொரு வார்த்தையும் சரியாத்தான் இருக்கு. அதான் சார் என்னைப் போட்டு வதைக்குது. தனக்கோடி நம்ம கட்சி. ஆமா. டாக்டர் மாற்று அணி. ஆமா. நான் இவனை எதிர்த்து அவருக்கு வேலை செஞ்சேன். ஆமா. அப்ப எங்க தப்பு? நான் நின்ன இடத்துலதான் நின்னேன். அவன் வெளியிலருந்து உள்ள வந்துட்டான், அவரு உள்ளருந்து வெளிய போயிட்டாரு, நடுவுல நின்ன நான் துரோகி. சொல்லும்போதே நாக்கு கூசுது. முப்பது வருசம் சார்.

மாவட்டத்தைப் போயிப் பாத்தேன். ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டுத்தான் கூப்புட்டாரு. "என்னங்க இது"ன்னேன். அவரு நிதானமா, "நான் அன்னைக்கே வீட்டுக்கு வந்து உங்ககிட்ட என்ன சொன்னேன்?"னாரு. "கட்டுப்படணும்னு சொன்னீங்க"ன்னேன். "வேற?"ன்னாரு. "குலதெய்வம் கோயிலுக்குப் போறேன்னு சொன்னீங்க"ன்னேன். "நீங்க ரொம்ப நல்லவரு பக்கிரிசாமி"ன்னாரு. மாவட்டத்தோட வாயிலருந்து அந்த வார்த்தை வந்திருக்கு சார். இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்? நம்ம மேல தப்பு இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மேல ஏதோ குளறுபடி. அதான் தலைமையையே பாத்துடலாம்னு கிளம்பிட்டேன். மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கேன். எதுக்கு மன்னிப்புன்னு எழுதறதுன்னு தெரியல, "அறியாமல் செய்த தவறுக்கு"ன்னு எழுதிட்டேன். அதுவும் உண்மைதானே, இன்னும் அறியலையே.

என் கிட்டருந்து எல்லாத்தையும் வாங்கிட்டாங்க. பேனரு, ரசீது புத்தகம், எல்லாம். பீரோவுல இருந்த கொடியைக் கூட தனக்கோடி ஆள் விட்டுக் கேட்டு வாங்கிட்டான். இப்ப அவன்தான் வட்டம். டீக்கடையில அவனை வட்டம்னு கூப்புடறாங்க, பழக்கத்துல நான் திரும்பிடறேன்.

கண்டக்டரு வர்றாரு பாருங்க. என்னங்க? எனக்கா? மாத்திரையா... ஆமா, மறந்தே போயிட்டேன். குடுங்க. தண்ணியும் குடுத்தாங்களா? சரி.

யாரு குடுத்தாங்கன்னு பாக்கறீங்க. அந்த ஊதாச் சேலைதான். வேற யாரு. அதான் சார் எங்க வீட்டுக்காரம்மா. மங்கையர்க்கரசி.

சிரிக்காதீங்க. அது கட்சி உறுப்பினர். நான் நீக்கப்பட்ட ஆளு. கட்சியினர் யாரும் எவ்விதத் தொடர்பும் வெச்சுக்கக் கூடாது. மத்தவங்க காத்துல விடலாம், நான் விட முடியுமா? தனக்கோடி ஆளுங்க எங்கயும் இருக்காங்க. ரெண்டு பேரும் பேசறதைப் பாத்து ஒருத்தன் போட்டோ புடிச்சு அனுப்பினான்னா, அது பொறுப்பும் போச்சு, என் மன்னிப்பும் போச்சு. அதனால பத்திரிகை வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், "இனிமே நாம பேசறது முறையில்ல." வாசப்பக்கத்து ரூம்ல பாயைப் போட்டுக்கிட்டேன். ஆரம்பத்துல அழுதுச்சு. அப்புறம் கத்துச்சு. அப்புறம் அதுவும் பழகிடுச்சு. சோத்தை வெச்சுட்டு அடுப்பைப் பாத்து, "சாம்பார்ல உப்பு கம்மி, ஹார்ட் டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு சொல்லும். நான் சுவத்தைப் பாத்து, "ரசம் நல்லாருக்கு"ம்பேன். அது தொடர்புல சேராது.

எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? முப்பத்தஞ்சு வருசம் வாயாடிக்கிட்டு இருந்த பொம்பளை. இப்ப வீட்ல மிக்ஸி சத்தம்தான். ராத்திரி இருமினா எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நிக்கும், நிழல் தெரியும். நான் தூங்கற மாதிரி கிடப்பேன். ஆனா நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன் சார். ஒருவேளை தலைமை என்னை மன்னிக்கலைன்னு வையுங்க. நாளைக்கே எனக்கு ஏதாவது ஆயிடுச்சு. கட்சியிலருந்து யாரும் வர மாட்டாங்க. ஆனா அது உறுப்பினர். உறுப்பினர் வீட்டுச் சாவு. ஒரு கொடி கேட்டா மறுக்க முடியாது. அது கையாலயாவது போத்தும். தனக்கோடி அம்மாவுக்குப் போத்தின மாதிரி. அதுக்காகத்தான் அந்தப் பொறுப்பை நான் கண்ணு மாதிரி காப்பாத்தறேன்.

இந்த பஸ்ல எதுக்கு வருதுன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்க முடியாதே. காலையில நான் பையை எடுத்தேன், அதுவும் கூடையை எடுத்துச்சு. மகளிர் அணிக் கூட்டம் ஏதாவது இருக்கும். நேத்து சாயந்தரம்கூட தனக்கோடி வீடு வரைக்கும் போயிட்டு வந்துச்சு. புது வட்டம் ஆச்சே, ஒரு வாழ்த்து சொல்லணும்ல. போகணும்தான், பொறுப்புல இருக்கறவ.

சார், ஒரு உதவி பண்ணுங்க. இந்தத் தண்ணி பாட்டிலை அது கிட்ட குடுத்துட்டு வாங்க. அப்படியே, காலையில ஏதாவது சாப்புட்டுச்சான்னு நீங்க கேக்கற மாதிரி கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேணாம். சுகர் இருக்கு அதுக்கு, வெறும் வயித்துல வந்திருந்தா தலை சுத்தும். அப்பவே கேக்கணும்னு நினைச்சேன். பாத்துப் போங்க, பஸ்ஸு ஆடுது.

வாங்க சார். சாப்புட்டுச்சா? என்ன, சாப்புடலையா? எதுக்கு? சேந்து சாப்புடலாம்னு இட்லி கட்டிக்கிட்டு வந்திருக்கா? யாரு கூட சேந்து?

வேற என்ன சொல்லுச்சு?

கார்டைக் குடுத்துட்டாளா? எந்தக் கார்டை? உறுப்பினர் கார்டா? நேத்து தனக்கோடி கையிலயேவா? அய்யய்யோ. சார், நல்லாக் கேட்டீங்களா? விலகிட்டேன்னேவா சொன்னா? அப்ப மகளிர் அணிக் கூட்டம் இல்லையா? பொண்ணு வீட்டுக்கா போறா? தாம்பரத்துக்கா? ரெண்டு டிக்கெட்டும் தாம்பரத்துக்கா?

இவளுக்கு யாரு யோசனை சொன்னது? என்னை ஒரு வார்த்தை... சரி, கேக்க முடியாது. நான்தான் பேசக் கூடாதுன்னேன். இப்ப கொடிக்கு என்ன பண்றது? அது ஒண்ணுதானே நான் நம்பிக்கிட்டு இருந்தேன். அதை மட்டும் கேட்டுட்டு வர்றீங்களா சார்? கொடிக்கு என்ன பண்ணப் போறாளாம்னு?

அதையும் சொல்லி அனுப்பிட்டாளா? நீங்க கேக்கறதுக்கு முன்னாடியேவா? என்னன்னு?

"பக்கிரிசாமின்னு ஒருத்தர் அங்க உக்காந்திருக்காரு. அவரு செத்தா போத்தறதுக்கு என்கிட்ட என் கல்யாணப் பட்டு இருக்குன்னு சொல்லுங்க. அது வரைக்கும் வந்து இட்லியைத் திங்கச் சொல்லுங்க."

பேரைச் சொன்னாளா சார்? என் பேரையா? அவ வாயால?

கல்யாணம் ஆன நாள்லருந்து சொன்னதில்ல சார். ஆஸ்பத்திரியில பேரு கேட்டப்பகூட பக்கத்துல இருந்த நர்ஸ் கிட்ட எழுதிக் காட்டினவ.

கொஞ்சம் இருங்க. ஒண்ணுமில்ல, தூசி.

யோசிச்சுப் பாத்தா, இப்ப அவ கட்சியில இல்ல. நானும் இல்ல. கட்சியினர் யாரும்னுதான் போட்டிருக்கு. விதிப்படி பாத்தா தடை ஒண்ணும் இல்லைதானே? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. நேத்து சாயந்தரத்துலருந்தே இல்ல. நேத்து ராத்திரியே பேசியிருக்கலாம்.

அங்க பாருங்க சார். கூடையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.

நிக்கறவங்க கொஞ்சம் வழி விடுங்க. நான் முன்னால போறேன் சார். இந்தப் பை இங்கயே இருக்கட்டும். நீங்களும் தாம்பரம்தானே, இறங்கும்போது ஞாபகப்படுத்துங்க. இல்லைன்னாலும் பரவாயில்ல. சால்வைதான்.